மனசு வச்சா தூக்கிரலாமாம்!

ஜிம்முக்குப் போற பசங்க மத்தியில ஒரு வியாதி பரவிக்கிட்டு இருக்கு. ரொம்ப நாளா இதைப் பத்தி எழுதணும்னு நினைச்சு, இன்டர்னல், அசைன்மென்ட், செமஸ்டர்னு தள்ளிக்கிட்டே போய், இன்னைக்குத்தான் உக்கார முடிஞ்சுது. கொஞ்சம் நீளமா போகும், டீயோ காபியோ கையில எடுத்துக்கோங்க. (காபி மேலயும் ஒரு வழக்கு இருக்கு, அது கீழ வரும்.)

வியாதி இதுதான். வழக்கமா தூக்குற வெயிட்டை ஒரு நாள் தூக்க முடியலைன்னா, அதுக்குக் காரணம் உடம்பு இல்ல, 'மனசு' அப்படின்னு நம்புறது. போன வாரம் பெஞ்ச் பிரஸ்ல 60 கிலோவை 8 ரெப்ஸ் தள்ளினவன் இந்த வாரம் அதே 60-ஐ 5-க்கு மேல தள்ள முடியாம ராடை ரேக்ல வைக்கிறான். பக்கத்துல நிக்கிறவன் "என்ன ப்ரோ, இன்னைக்கு மனசு இல்லையா?"ங்கிறான். மாஸ்டர் வந்து "சாக்கு சொல்லாத தம்பி, மனசு வச்சா தூக்கிரலாம்"ங்கிறார். கண்ணாடிக்கு மேல 'நோ எக்ஸ்க்யூசஸ்'னு கொட்டை எழுத்துல ஒரு போர்டு. சரி போனையாவது பாப்போம்னு எடுத்தா, ரீல்ஸ்ல ஒருத்தன் நரம்பு புடைக்க கத்துறான். கருப்பு வெள்ளையில, பின்னாடி சோக மியூசிக்கோட. 60 கிலோ தூக்கத்தான் வந்தோம், என்னமோ போர்க்களத்துக்கு வந்த மாதிரி ஒரு பில்டப்பு.

என் கட்சியை முதல்லயே சொல்லிடுறேன். மோசமான வொர்க்கவுட் ஒழுக்கக் குறைவு கிடையாது. அது கணக்குல எதிர்பார்த்து ஒதுக்கி வைக்க வேண்டிய ஒரு செலவு. அதைக் கோழைத்தனம்னு சொல்லி பசங்களை வெக்கப்பட வைக்கிறவங்க, ஒண்ணு விஷயம் தெரியாதவங்க, இல்லைன்னா டப்பா விக்கிறவங்க. சில ஜிம்ல ரெண்டு பேரும் ஒரே ஆளு.

பி.காம் படிக்கிறவன் கிட்ட கருத்து கேட்டா கணக்குலதான் சொல்லுவான், பொறுத்துக்கோங்க. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல்ல 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு'ன்னு ஒண்ணு வரும், ஞாபகம் இருக்கா? கடைக்காரர் நூறு பேருக்குக் கடன் கொடுத்திருக்கார். நூறு பேரும் திருப்பித் தர மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும். எந்த அஞ்சு பேர் ஏமாத்துவாங்கன்னு மட்டும் தெரியாது. அதனால என்ன பண்றார்? வருஷக் கடைசியிலயே ஒரு தொகையை நஷ்டம் வரும்னு ஒதுக்கி வச்சுடறார். அப்புறம் ஒருத்தன் நிஜமாவே ஓடிப்போனா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்கார மாட்டார். ஒதுக்குல கழிச்சுட்டு அடுத்த வியாபாரத்தைப் பாப்பார். இப்படி ஒதுக்கி வைக்கிறவரை எந்த ஆடிட்டரும் 'மனசு இல்லாத வியாபாரி'ன்னு திட்டினதில்ல. ஒதுக்கி வைக்காதவனைத்தான் திட்டுவாங்க.

ஜிம்மும் அப்படித்தான். வாரத்துக்கு மூணு நாள்னா வருஷத்துக்கு 156 நாள். தீபாவளி, பொங்கல், பரீட்சை, அக்கா கல்யாணம், காய்ச்சல் எல்லாம் கழிச்சா ஒரு 120, 130 நாள் தேறும்னு வச்சுக்குவோம். இந்த 130 நாளும் ஏறுமுகமாவே இருக்கும்னு நினைக்கிறவன் நூறு கடன்காரனும் நல்லவன்னு நினைக்கிற கடைக்காரன் மாதிரி. இவங்க சொல்ற "ஒவ்வொரு வாரமும் 2.5 கிலோ ஏத்தணும், இல்லைன்னா நீ நிக்கிற இடத்துலயே நிக்கிற"ங்கிற தத்துவத்தையும் ஒரு தடவை பெருக்கிப் பாத்துடலாம். 2.5 இன்டு 52, 130 கிலோ. முதல் வருஷம் 40-ல ஆரம்பிச்சவன் வருஷ முடிவுல 170, ரெண்டாவது வருஷம் 300, மூணாவது வருஷம் 430. பட்டம் வாங்குறதுக்குள்ள நம்ம பையன் உலக சாதனையை எல்லாம் ஓரமா தள்ளி வச்சுட்டு கிரேன் வேலைக்குப் போயிடலாம். ஆரம்பத்துல சில மாசம் அப்படி ஏறும், உண்மைதான், புது உடம்பு வேகமா கத்துக்கும். அதுக்கப்புறம் ரெண்டு அடி முன்னாடி, ஒரு அடி பின்னாடின்னுதான் போகும். நேர்கோட்டு முறையில தேய்மானம் வேணா போடலாம், வளர்ச்சி போட முடியாது.

இதெல்லாம் சும்மா பேச்சு, நிஜமான வீரனுக்கு இப்படியெல்லாம் நடக்காதுன்னு யாராவது சொல்லுவீங்க. சரி, நிஜமான வீரர்களையே கூப்பிடுவோம்.

மீராபாய் சானு. 2016 ரியோ ஒலிம்பிக்ஸ், 48 கிலோ பிரிவு. ஸ்னாட்ச்ல மூணு, கிளீன் அண்ட் ஜெர்க்ல மூணு, மொத்தம் ஆறு முயற்சி கொடுப்பாங்க. ஆறுல ஒண்ணே ஒண்ணுதான் செல்லுபடியாச்சு. கிளீன் அண்ட் ஜெர்க்ல மூணுமே போச்சு. அதனால மொத்த எடைன்னு ஒண்ணே இல்லாம, போட்டியை முடிக்காதவர்னு பேர் பக்கத்துல எழுதிட்டாங்க. அதே ஆள் 2017 நவம்பர்ல அனாஹைம்ல உலக சாம்பியன். 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல 202 கிலோ தூக்கி வெள்ளி. அதே 2021-ல ஆசியப் போட்டியில கிளீன் அண்ட் ஜெர்க்ல 119 கிலோ தூக்கி அப்போதைய உலக சாதனையும் அவர் பேர்லதான். அப்புறம் 2024 பாரிஸ். கடைசி முயற்சி 114 கிலோ. 119 தூக்கின கைக்கு 114 நிக்கல. மொத்தம் 199. வெண்கலம் வாங்கினவர் 200. ஒரே ஒரு கிலோ! போட்டி முடிஞ்சு வெளிய வந்து, மாதவிடாயோட மூணாவது நாள், உடம்புல கொஞ்சம் பலவீனம் தெரிஞ்சுதுன்னு அவரே வெளிப்படையா சொன்னார். ஒலிம்பிக்ஸ் மேடையில அஞ்சு கிலோ குறைஞ்ச அந்த அம்மாவுக்கு மனசு இல்லையா? எங்க ஜிம் மாஸ்டர் பக்கத்துல நின்னு "சாக்கு சொல்லாதம்மா"ன்னு கத்தியிருந்தா வெண்கலம் வந்திருக்குமா?

நம்ம ஊர் ஆளையும் பாத்துடலாம். வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல 77 கிலோ பிரிவுல தங்கம், ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328. நாலு வருஷம் கழிச்சு 2018 கோல்ட் கோஸ்ட்ல மறுபடியும் தங்கம். ஆனா இந்த தடவை 144, 173, மொத்தம் 317. நம்ம மாஸ்டர் கணக்குப்படி நாலு வருஷம் உழைச்சு 11 கிலோ பின்னாடி போனவர். தொடையில காயத்தோட வந்தவர், அன்னைக்கு உடம்பு என்ன தரும்னு பாத்து அதுக்குத் தகுந்த எடையைக் கேட்டு வாங்கித் தூக்கி தங்கத்தோட வீட்டுக்குப் போனார். 328 தூக்கினவன் 317 தூக்குறது கேவலம்னு நினைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுக்கோங்க. அன்னைக்கு உடம்புல என்ன இருக்கோ அதை வச்சு வேலை பாக்குறதுதான் இந்தத் தொழிலோட பெரிய திறமை. சுவத்துல போர்டு எழுதினவனுக்கு இது தெரியாது.

இன்னொரு சாட்சி. ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் பையனோட அப்பா கோயம்பேடு மார்க்கெட்ல மூட்டை தூக்குறவர். ஒரு நாள் ஹாஸ்டலுக்கு வந்திருந்தப்போ இந்த மேட்டரைப் பேசினோம். அவர் சிரிச்சுட்டு, "உடம்பு ஒரு மாதிரி இருந்தா ரெண்டு பேரா சேந்து தூக்குவோம்பா, இல்ல சின்ன மூட்டையா எடுத்துக்குவோம். இன்னைக்கு வீம்புக்குத் தூக்கி இடுப்பு போச்சுன்னா நாளைக்குக் கூலி யாரு தருவா?"ன்னார். இருவத்தஞ்சு வருஷம் எடை தூக்கின மனுஷன்.

சரி, சக்தி எங்கதான் போகுது? இதுக்கு பெரிய ஆராய்ச்சி எல்லாம் வேணாம், ஒரு ஹாஸ்டல் பையனோட ஒரு நாளைப் பாத்தாலே போதும்.

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் காஸ்ட் அக்கவுண்டிங் (இல்லைன்னா காஸ்ட் அக்கவுண்டிங்னு சொல்லிக்கிட்டு போன்). காலையில ஏழு மணிக்கு எழுந்தாச்சு. மெஸ்ல ரெண்டு இட்லி, இல்ல அதுவும் இல்லாம நேரா கிளாஸ். பன்னிரண்டரைக்கு சோறு, சாம்பார், ஒரு பொரியல். அதுக்கப்புறம் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு டீ, ரெண்டு பிஸ்கட். ஆறரைக்கு ஜிம். அதாவது சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழிச்சு, அஞ்சு மணி நேரத் தூக்கத்தோட, ஸ்குவாட் போட வந்து நிக்கிறான். பதினெட்டுல இருந்து இருவத்தஞ்சு வயசுக்காரனுக்கு 7-ல இருந்து 9 மணி நேரம் தூக்கம் வேணும்னு சொல்றாங்க. இவன் தினமும் ரெண்டு மணி நேரம் கடன் வாங்குறான். ஒரு ராத்திரி தூக்கம் கெட்டா ஒரே ஒரு தடவை தூக்குற பலம் பெருசா குறையாது. ஆனா அதே வெயிட் கனமா தெரியும், நாலாவது செட்டுல காத்து இறங்கிடும். பசங்க சொல்ற "என்னன்னே தெரியல ப்ரோ, இன்னைக்கு ராடே கனமா இருக்கு" இதுதான். என்னன்னு நல்லாவே தெரியும்டா, உன் போன்ல 'ஸ்கிரீன் டைம்' போய்ப் பாரு.

அப்புறம் சூடு. இதைப் பத்தி வெளிநாட்டுக்காரன் வீடியோவுல ஒரு வார்த்தை இருக்காது, ஏன்னா அவன் ஏசி போட்ட ஹால்ல நிக்கிறான். சென்னையில நம்ம பட்ஜெட் ஜிம் எல்லாம் எங்க இருக்கு? முதல் மாடி, ரெண்டாவது மாடி, மேல தகர ஷீட்டு, ரெண்டே ரெண்டு ஃபேன், அதுவும் மாஸ்டர் உக்காந்திருக்கிற பக்கம் திரும்பி இருக்கும். மே மாசத்து அக்னி நட்சத்திரத்துல பகல் முழுக்க அந்த ஷீட்டு வெயிலைக் குடிச்சு வச்சிருந்து, சாயங்காலம் நம்ம தலையில கொட்டும். கடற்கரை ஊருங்கிறதால காத்துல ஈரம் வேற. வேர்வை ஆவியா போனாத்தான் உடம்பு குளிரும். ஈரக்காத்துல அது ஆவியாகாம சும்மா வழியும். உடம்பு ரத்தத்தைத் தோல் பக்கம் அனுப்பி சூட்டை வெளியேத்தப் பாக்குது, தசைக்கும் ரத்தம் வேணும், ரெண்டுக்கும் நடுவுல இதயம் அல்லாடுது. 60 கிலோ ஆளு 1.2 கிலோ அளவுக்குத் தண்ணியை வேர்வையில விட்டுட்டாலே, அதாவது உடம்பு எடையில ரெண்டு சதவீதம், செயல்பாடு சரிய ஆரம்பிக்கும். இதுக்கு என்ன மருந்து? உப்பு போட்ட நீர்மோர். மனசு இல்லீங்க, மோர்.

இந்த இடத்துலதான் டப்பா உள்ள வருது. சோர்வா இருக்கேன்னு சொன்ன அடுத்த நிமிஷம், "ப்ரீ-வொர்க்கவுட் போடுறியா தம்பி?" சாக்கு சொல்லாதேன்னு சொன்ன அதே வாய். மனசு வச்சாப் போதும்னா எதுக்குய்யா டப்பா? டப்பா வேணும்னா மனசுல பிரச்சனை இல்லைன்னுதானே அர்த்தம்? இந்த முரண்பாட்டை யாருமே கேக்க மாட்டேங்கிறாங்க, அதான் எனக்குக் கடுப்பு.

அந்த டப்பாவுல என்னதான் இருக்கு? பெரும்பாலும் வேலை செய்யற பொருள் காஃபீன். காஃபீன் வேலை செய்யும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது வரவு இல்ல, கடன். நாள் முழுக்க மூளையில சேர்ற 'தூங்கு, தூங்கு'ங்கிற சமிக்ஞையை அது கொஞ்ச நேரம் காதுல விழாம மறைக்குது, அவ்வளவுதான். களைப்பு அங்கேயே வட்டி போட்டுக்கிட்டு நிக்கும். உடம்புல அது பாதியா குறைய சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். சாயங்காலம் ஏழு மணிக்கு 200 மில்லிகிராம் உள்ள போனா ராத்திரி பன்னிரண்டுக்கு இன்னும் 100 மில்லிகிராம் சுத்திக்கிட்டு இருக்கும். அதாவது பன்னிரண்டு மணிக்கு ஒரு நல்ல ஸ்ட்ராங் காபி குடிச்சுட்டுப் படுத்த மாதிரி. தூக்கம் கெடும், மறுநாள் இன்னும் சோர்வு, இன்னொரு ஸ்கூப். பழைய கடனை அடைக்க புதுக் கடன் வாங்குறவனுக்கு வங்கியில என்ன பேர்னு பேங்கிங் பேப்பர் படிக்கிற பசங்களுக்குத் தெரியும்.

குடிச்சதும் முகம், காது எல்லாம் குறுகுறுன்னு இருக்கும், "ஏறுது ப்ரோ, ஏறுது"ம்பானுங்க. அது பீட்டா அலனின். தோல் நரம்புல அது பண்ற வேலை அது. அந்தக் குறுகுறுப்புக்கும் அன்னைக்குத் தூக்கப்போற எடைக்கும் சம்பந்தமே கிடையாது. பீட்டா அலனின் பலன் தர்றதுன்னா வாரக்கணக்கா தினமும் எடுத்தாத்தான். இதை விட மோசமும் இருந்திருக்கு. டிஎம்ஏஏன்னு ஒரு பொருளைப் போட்டு வித்த டப்பாக்களுக்கு எதிரா 2012-ல அமெரிக்காவோட எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. அதோட இன்னொரு பேர் மீதைல்ஹெக்ஸனமீன். 2010 டில்லி காமன்வெல்த் போட்டிக்கு முன்னாடி நம்ம வீரர்கள் சில பேர் ஊக்கமருந்து சோதனையில மாட்டினது இதுலதான். எல்லா டப்பாவும் விஷம்னு நான் சொல்லல. லேபிள்ல ஒவ்வொண்ணும் எத்தனை மில்லிகிராம்னு தனித்தனியா போடாம 'கலவை'ன்னு ஒரே மொத்தமா எழுதியிருந்தா, செலவுக்கு பில் இல்லாம 'இதர செலவுகள்'னு எழுதின கணக்குப் புத்தகம் மாதிரி. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பெட்டிக்கடையில ரெண்டு வாழைப்பழம், ரெண்டு கடலை மிட்டாய். ஜிம்முக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி. ஒரு நடுத்தர வாழைப்பழத்துல 25 கிராமுக்கு மேல மாவுச்சத்து இருக்கும். ஆறு மணி நேரம் பட்டினி கிடந்த உடம்புக்கு இதுதான் வேணும். ஆனா இதுல மாஸ்டருக்குக் கமிஷன் இல்ல.

கமிஷன்னு வந்துட்டதால ஜிம்மோட வரவு செலவையும் பாத்துடலாம், நம்ம டிபார்ட்மெண்ட் ஆச்சே! மாசாமாசம் கட்டினா இவ்வளவு, வருஷத்துக்கு மொத்தமா கட்டினா பாதிதான் ஆகும்னு ஆசை காட்டுவாங்க. ஜனவரியில கட்டிட்டு மார்ச்சுல நின்னுடறவன்தான் ஜிம்முக்கு லாபம். பணம் வந்தாச்சு, மெஷின் தேயல, கரண்ட் செலவு இல்ல, இடமும் காலி. கட்டின எல்லாரும் ஒரே நாள் சாயங்காலம் வந்து நின்னா உள்ள நிக்கக்கூட முடியாது. இப்போ சொல்லுங்க, ஒரு மோசமான வாரத்துல ஒரு பையனை அவமானப்படுத்தி, அவன் வெக்கப்பட்டு நின்னுட்டா ஜிம்முக்கு என்ன நஷ்டம்? ஒரு பைசா கிடையாது. எல்லா ஓனரும் திட்டம் போட்டு இதைச் செய்றாங்கன்னு சொல்லல, சில நல்லவங்களும் இருக்காங்க. ஆனா 'சாக்கு சொல்லாதே'ங்கிற வசனம் சொல்றவனுக்குச் செலவே இல்லாத வசனம். செலவு முழுக்க கேக்கிறவன் தலையில.

எவ்வளவு செலவுன்னு என் ரூம்மேட்டைக் கேளுங்க. போன வருஷம் நவம்பர் செமஸ்டர் நேரம். முந்தின ராத்திரி நாலு மணி நேரத் தூக்கம், பரீட்சை எழுதிட்டு, சாயங்காலம் டெட்லிஃப்ட் போடப் போனான். வார்ம்-அப்பே சரியில்ல, "இன்னைக்கு கம்மியா போடுறேன் மாஸ்டர்"னுதான் சொன்னான். பத்து பேர் முன்னாடி "பொம்பளை மாதிரி பேசாத"ன்னு பதில். (மீராபாய் சானு ஊர்ல இருக்குறப்போ இப்படி ஒரு உவமை!) பிளேட் ஏத்துனாங்க, மூணாவது ரெப்ல முதுகு வளைஞ்சு, அவன் முகம் மாறினதை நான் எதிர் ரேக்ல இருந்து பாத்தேன். மூணு வாரம் குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல. மீதி பரீட்சைக்குப் பெஞ்சுல உக்காந்து எழுத முடியாம பாதியில எழுந்து எழுந்து நின்னான். ஒரு அரியர் விழுந்துச்சு. அதுக்கப்புறம் ஜிம் பக்கமே போகல. வருஷ ஃபீஸ்ல எட்டு மாசம் மிச்சம் இருந்துச்சு. மாஸ்டர் ஒரு போன்கூட பண்ணல. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல மட்டும் மறுநாள் காலையில 'வலிதான் வளர்ச்சி'ன்னு ஒரு சிங்கம் படம் :-(

இப்போ எதிர்க்கட்சி வாதம். "இப்படி எல்லாம் சலுகை கொடுத்தா பசங்க சோம்பேறி ஆயிடுவாங்க, தினமும் ஒரு காரணம் சொல்லுவாங்க." இந்த வாதத்துல கொஞ்சம் நியாயம் இருக்கு, நான் மறுக்கல. ஹாஸ்டல் கட்டில்ல படுத்துக்கிட்டு 'இன்னைக்கு எனர்ஜி இல்ல'ன்னு முடிவு பண்றது ரொம்ப ஈஸி. அதனாலதான் நான் 'சோர்வா இருந்தா போகாதே'ங்கிற கோஷ்டியும் கிடையாது. அவங்களோடயும் எனக்குச் சண்டை இருக்கு. கட்டில்ல படுத்துக்கிட்டு தீர்ப்பு எழுதக்கூடாது. போய், வார்ம்-அப் போட்டு, அப்புறம் எழுதணும். ஏன்னா படியேறும்போது செத்த பிணம் மாதிரி வந்தவன் வார்ம்-அப் முடிஞ்சதும் பறக்குறதும் உண்டு. நல்லா தூங்கி சாப்பிட்டு வந்தவன் சொதப்புறதும் உண்டு. உடம்போட நிலவரம் ராடு கையில வந்தப்புறம்தான் தெரியும்.

எப்படித் தெரிஞ்சுக்கிறது? சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க், ஒரு வேலை எவ்வளவு சிரமமா இருக்குன்னு செய்யறவனையே மார்க் போட வைக்கிற ஒரு அளவுகோலை உண்டாக்கினார். 6-ல ஆரம்பிச்சு 20 வரைக்கும் போகும். வெயிட் தூக்குறவங்க அந்த யோசனையை 10-க்கு மாத்திக்கிட்டாங்க. இன்னும் ஒரு ரெப் கூட முடியாதுன்னா 10, இன்னும் ரெண்டு முடியும்னா 8. வழக்கமா 8-ல முடியற வார்ம்-அப்புக்கு அடுத்த செட்டு, இன்னைக்கு 10 மாதிரி இருந்தா சேதி வந்தாச்சு. அப்போ என்ன பண்ணலாம்? வெயிட்ல பத்துல இருந்து இருவது சதவீதம் இறக்கு. செட்டைப் பாதியாக்கு. ஸ்குவாட், பெஞ்ச், ரோயிங்னு பெரிய பயிற்சி ஒண்ணு ரெண்டை மட்டும் சுத்தமா போடு. கைக்கு நாலு வகை, தோளுக்கு மூணு வகைன்னு இருக்கிற அலங்காரம் எல்லாம் அடுத்த நாளைக்கு. முப்பது நிமிஷத்துல முடிச்சுட்டு, மெஸ்ல முட்டை தீர்றதுக்குள்ள போய்ச் சேரு. பலம் ஒரு நாள்ல வர்றதில்லைங்கிற மாதிரி ஒரு நாள்ல போறதும் இல்ல. குறைஞ்ச எடையில நல்லா போட்ட நாலு செட் தசையைக் காப்பாத்திக் கொடுக்கும்.

ஒரு நோட்டு போடுங்க, இருவது ரூபா நோட்டு. தேதி, எடை, ரெப்ஸ் எல்லாரும் எழுதுவாங்க. அது பக்கத்துல இன்னும் மூணு பத்தி: முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினேன், கடைசியா எப்போ சாப்பிட்டேன், ஜிம்ல சூடு எப்படி. ரெண்டு மாசம் கழிச்சு மோசமான நாளை எல்லாம் சிவப்புல வட்டம் போட்டுப் பாருங்க. என் நோட்டுல சிவப்பு வட்டத்துல பாதிக்கு மேல இன்டர்னல் வாரத்துலயும், மதியம் மெஸ் சாப்பாட்டை விட்டுட்டு கேண்டீன்ல பப்ஸ் தின்ன நாள்லயும் வந்து நின்னுச்சு. சிலதுக்குக் காரணமே இல்ல. எல்லாம் சரியா இருந்தும் சரியில்ல. அதுக்குத்தான் ஒதுக்கு. சோம்பேறி இந்த நோட்டை எழுத மாட்டான், அதுதான் சோம்பேறிக்கும் சோர்ந்தவனுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற வழி. மாஸ்டருங்க கத்துறதுக்குப் பதிலா இந்த நோட்டை வாங்கிப் படிக்கலாம்.

ஒண்ணு மட்டும் இந்த ஒதுக்குல சேராது. ஒரு நாள் ரெண்டு நாள் சொதப்பினா வாராக்கடன். மூணு நாலு வாரம் தொடர்ந்து, தூங்கியும் சாப்பிட்டும் படியேறினாலே மூச்சு வாங்குது, தலை சுத்துதுன்னா அது கடை திவால் ஆகுற அறிகுறி. டாக்டர்கிட்ட போய் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர், பி12னு அவர் சொல்றதைப் பாத்துடணும். நெஞ்சுல வலி வந்தா அந்த நிமிஷமே ராடைக் கீழ வைக்கணும், அதுல விவாதமே கிடையாது.

முக்கியமா பொண்ணுங்களுக்கு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 15-ல இருந்து 49 வயசு வரைக்கும் இருக்கிற பெண்கள்ல பாதிக்கும் மேல ரத்தசோகை. ரத்தத்துல இரும்பு இல்லாதவங்களை நிக்க வச்சு இரும்பைத் தூக்கச் சொல்லி 'நோ எக்ஸ்க்யூசஸ்'ங்கிறது என்ன மாதிரி நியாயம்? எங்க கிளாஸ் பொண்ணுங்க ரெண்டு பேர் எங்க ஜிம்லயே சேந்தாங்க. லேடீஸ் பேட்ச் எப்போ தெரியுமா? மதியம் 12-ல இருந்து 3. தகர ஷீட்டு உச்சத்துல கொதிக்கிற நேரம், மெஸ்ல சாப்பாடு போடுற நேரம், எங்க காலேஜ்ல கிளாஸ் நடக்கிற நேரம். அவங்க ஒரு மாசத்துல நின்னதும் மாஸ்டர் எங்ககிட்ட சொன்னார், "பொண்ணுங்களுக்கு டெடிகேஷன் இல்ல தம்பி." நாங்க நாலு பேர் சேந்து காலையில ஆறுல இருந்து ஏழரை வரைக்கும் அவங்களுக்கு ஒதுக்கச் சொல்லி ஓனர்கிட்ட எழுதியே கொடுத்திருக்கோம். ஆம்பளைங்க பேட்ச் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பாக்குறேன்னிருக்கார். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் போய்க் கேக்கப் போறோம். காலையில ஆறரை மணி பேட்ச்ல இருக்கிற அண்ணன்கள் யாராவது இதைப் படிச்சா, தயவுசெஞ்சு நீங்களும் ஒரு கையெழுத்து போடுங்க.